வேடியப்பனுக்கு எனாமல் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வேடியப்பன் என்று கும்பிடப்படும் நடுகற்களுக்கு, அதாவது பட்ட வீரர்களின் நினைவாக நட்ட கற்களுக்கு, திருவிழா நெருங்கினால் எனாமல் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். கும்பிடுவதால்தான் இந்தக் கற்கள் இத்தனை காலம் பிழைத்து நிற்கின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சிக்கல் பெயிண்டில்தான்.

தெற்குப் பிரான்ஸில் அவேரோன் மாவட்டத்து மலைச்சரிவில் கோங்க் என்று ஒரு சிற்றூர். ஊரே சில நூறு பேர்தான். அங்குள்ள புனித ஃபுவா தேவாலயத்தின் வாசலுக்கு மேல் 12ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இறுதித் தீர்ப்புச் சிற்பம். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அந்தக் காலத்தில் பூசிய வண்ணத்தின் மிச்சம் இன்னும் கல்லில் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் ஒரு கோட் அடித்துப் புதுசாக்கும் வேலை அங்கே இல்லை. கோடைக்கால இரவுகளில் வண்ண ஒளியைச் சிற்பத்தின் மேல் பாய்ச்சி, முன்பு எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறார்கள். விளக்கை அணைத்தால் கல் கல்லாகவே இருக்கிறது. இத்தனைக்கும் சீரழிந்து கிடந்த கோயில்தான் அது. 1837இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளர் பிராஸ்பர் மெரிமே வந்து பார்த்த பிறகே விடிவு பிறந்தது. அதற்கும் முன்னால், பிரெஞ்சுப் புரட்சியின்போது கோயிலின் பொற்சிலையையும் மற்றப் பொருள்களையும் ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்கள் ஊரார்.

நம் பக்கம் வருவோம். பல்லவர் கால நடுகற்களில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து அவ்வளவு ஆழமாக இருக்காது. இரண்டு மூன்று கோட் எனாமலில் பள்ளம் தூர்ந்துவிடும். தொறு (மாட்டு மந்தை) மீட்டு உயிர்விட்டவன் யார், எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு என்ற சேதியும் அதோடு போச்சு. கல்வெட்டைத் தாளில் படியெடுக்கும்போது இது நன்றாகத் தெரியும். கல்லைத் தண்ணீர்விட்டுக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித்தட்டித் தாளை எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். ஓரளவு காய்ந்ததும் மை ஒற்றினால் கல் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். ஈரம் அதிகமிருந்தால் மை ஊறிக் கலங்கிவிடும். பெயிண்ட் அடைத்த கல்லிலோ தாள் இறங்க இடமே இல்லை; முழுத் தாளும் கறுப்புத்தான்.

சிமென்ட் மேடை இன்னொரு தொல்லை. டைல்ஸ் ஒட்டுவதற்காகத் தரையை முக்கால் அடி உயர்த்தினால், கல்லின் அடிப்பகுதியில் இருக்கும் சிறிய மாட்டு உருவமோ கடைசி வரியோ உள்ளே புதைந்துவிடும். மேடை கட்டியே தீர வேண்டுமென்றால் பழைய தரைமட்டத்தை உயர்த்தாமல், கல்லைச் சுற்றி நான்கு விரல் இடைவெளி விட்டுக் கட்டலாம்.

ஏற்கெனவே பூசிய கல்லைக் கம்பி பிரஷ், உப்புத்தாள், ஆசிட் கொண்டு சுரண்டவே கூடாது. பெயிண்டோடு எழுத்தின் விளிம்பும் பெயர்ந்துவிடும். தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லி, அவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

அக்டோபர் 2 கிராம சபையில் ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லையிலுள்ள நடுகற்களைத் தீர்மானமாகப் பதிவு செய்யலாம். சர்வே எண், உயரம், அகலம், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம், இவ்வளவு போதும். நேர் வெயிலில் எடுத்த படத்தில் எழுத்து தெரியாது. வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் விழும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும்.

திருவிழாவுக்கு அழகு வேண்டுமென்றால், சீரியல் செட் போடுகிறவரிடம் சொல்லி ஓர் எல்.இ.டி. விளக்கைக் கல்லுக்குப் பக்கவாட்டில், சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லலாம். வீரனின் வில்லும் வாளும் எனாமலைவிட எடுப்பாகத் தெரியும்.

– வாசகர், தருமபுரி