பர்ன்ஸைக் காதால் படிக்க

ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் (1759–1796) ஒலிப்பதிவுகளைக் கேட்கத் தொடங்குவோர் பழைய நட்பை நினைவுகூரும் 'ஆல்டு லாங் ஸைன்' பாடலிலேயே இடறுகிறார்கள். 'ஸைன்' என்பதை அழுத்தமான ஸகரத்தோடு சொல்ல வேண்டும். வண்டு ரீங்கரிப்பதுபோல் 'இசட்' ஒலியில் இழுப்பது தவறு. புத்தாண்டு இரவுகளில் காதில் விழுவது பெரும்பாலும் அதுதான். பல்லவியில் 'ஃபார் த சேக் ஆஃப்' என்று பர்ன்ஸ் எழுதாததையும் சேர்த்துவிடுகிறார்கள்.

மெட்டும் மாறியதே. 1796இல் அச்சேறியபோது வேறு மெட்டு. இன்று உலகமே பாடுவது 1799 தொகுப்பில் சேர்ந்தது. லின் ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் 12 தொகுதிகளாக வெளியிட்ட பர்ன்ஸின் முழுப் பாடல் வரிசையை வைத்திருப்பவர்கள் பழையதைத் தேடிக் கேட்கலாம். எனக்கு அதன் ஏக்கம்தான் பிடிக்கும்.

பாடலைவிட வாசிப்பு கடினம். 224 வரிகள் கொண்ட 'டாம் ஓ ஷாண்டர்' கதைக்கவிதையை எடுத்தவுடன் கேட்டால் ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழிச் சொற்களில் கதை நழுவிவிடும். முதலில் சொற்பொருளுடன் அச்சுப்பிரதியைப் பார்த்தபடி கேளுங்கள்; மறுமுறை புத்தகத்தை மூடிவிடுங்கள். வேகத்தைக் கூட்ட வேண்டாம். சூனியக்காரிகள் துரத்தும் இடத்தில் குதிரையின் ஓட்டமே சந்தத்தில்தான் இருக்கிறது.

– வாசகர், மதுரை