மாந்தோப்புக் கணக்கையும் சேர்த்துப் போடு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், முசுறு எறும்பு பற்றிய உன் ஆய்வுப் பேப்பரை ஜர்னல்காரர்கள் எட்டு மாதம் வைத்திருந்து திருப்பிவிட்டார்கள் என்று. போனை வைத்ததும் அப்பா, "குரல் சரியில்லையே" என்றார். எனக்கும் தெரிந்தது. "ஜர்னலுக்குக் காத்திராமல் இணையத்தில் ப்ரீபிரிண்டாகப் போட்டுவிடவா, இல்லை அடுத்த ஜர்னலுக்கே அனுப்பவா?" என்று கேட்டாய். அன்று ஏதோ சொல்லி மழுப்பினேன். முசுறு எறும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கடிக்கும் என்று தெரியும். ஆனால் ஜர்னல்களோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான்.

1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது நீ கைக்குழந்தை. டாலரிலும் பவுண்டிலும் சந்தா கட்டிக்கொண்டிருந்த எங்கள் கல்லூரி நூலகம் ஆடிப்போனது. பட்டியலில் பதினொரு ஜர்னல்களை என் கையாலேயே சிவப்பு மையில் அடித்தேன். இயற்பியல் துறைத் தலைவர் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே, ஆகஸ்டில், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், இன்னும் அச்சேறாத பேப்பர்களை மின்னஞ்சல் வழியாகக் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கும் ஒரு கணினியை ஓடவிட்டார். இன்று நீங்கள் ஆர்க்கைவ் என்று சொல்வது அதுதான். பின்னாளில் அதன் பிரதி ஒன்று சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்திலேயே இருந்தது. எங்களுக்கு அதெல்லாம் தெரியவரப் பல வருஷம் ஆனது.

அதுவரை எங்களுக்குக் கைகொடுத்தது தபால் அட்டை. "தங்கள் கட்டுரையின் ரீபிரிண்ட் (அச்சுப் பிரதி) ஒன்று அனுப்பினால் நன்றியுடையவர்களாக இருப்போம்" என்று கட்டுரை எழுதியவருக்கே எழுதிப் போடுவோம். கனடாவிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் பழுப்பு உறைகள் வரும். உன் ஸ்டாம்ப் ஆல்பத்தில் பாதி அந்த உறைகளிலிருந்து நான் ஆவி காட்டிப் பிரித்ததுதான். எழுதினவர் படிக்கிறவருக்கு நேரே கொடுப்பது ஒன்றும் புதுசு இல்லை. அதனால் உயிரியல் ப்ரீபிரிண்டுகளுக்கான பயோஆர்க்கைவ் தளத்தில் போடு. யாருடைய அனுமதிக்காகவும் இன்னொரு எட்டு மாதம் காத்திருக்காதே.

உன் அப்பாவுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. 2020 ஜனவரி 31 அன்று டெல்லியிலிருந்து ஒரு குழு, புதிய கொரோனா வைரஸில் எச்ஐவியை ஒத்த துண்டுகள் இருக்கின்றன என்று பயோஆர்க்கைவில் போட்டது நினைவிருக்கிறதா? உலகமெங்கும் இருந்து விஞ்ஞானிகள் அங்கேயே வந்து, அந்தத் துண்டுகள் எத்தனையோ உயிரிகளில் காணப்படுபவைதான் என்று காட்டினார்கள். இரண்டே நாளில் அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஒரு ஜர்னலில் இவ்வளவு சீக்கிரம் திருத்தம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் நம் அடுக்குமாடி வாட்ஸப் குழுவுக்கு அந்தப் பேப்பர் வந்துசேர்ந்தது, திருத்தம் வரவே இல்லை. அப்பா கேட்பது நியாயம்தான். எறும்பு விஷயத்தில் அந்தப் பயம் குறைவு என்பது என் கணக்கு.

போட்டதோடு நிற்கவும் வேண்டாம். நீ சொன்ன அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் ஏற்பாட்டை உட்கார்ந்து படித்தேன், பியர் கம்யூனிட்டி இன். 2017இல் பரிணாம உயிரியலில் தொடங்கியிருக்கிறார்கள். ப்ரீபிரிண்ட் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. துறையைச் சேர்ந்த ஒருவர் பொறுப்பெடுத்து, குறைந்தது இரண்டு பேரிடம் மதிப்புரை வாங்கி, உன்னைத் திருத்தச் சொல்லி, ஏற்றுக்கொண்டால் மதிப்புரைகளையும் உன் பதில்களையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். எழுதுகிறவரும் காசு தர வேண்டாம், படிக்கிறவரும் தர வேண்டாம். பதினொரு ஜர்னல்களை வெட்டியவளுக்கு இதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். அங்கே ஏற்ற பிறகு ஜர்னலுக்கும் அனுப்பலாமாம்.

மதிப்புரை வெளியே தெரிவதுதான் எனக்குப் பிடித்தது. தொல்காப்பியத்தைப் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்டார் என்று பாயிரம் சொல்கிறது. அகத்தியர் கோபத்தில், "அதைக் கேட்காதே" என்று அவரைத் தடுத்தாராம். இவரோ, கேட்டுக் குற்றம் சொல்கிறேன் என்று சமாளித்து அவையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்க, தொல்காப்பியர் எல்லாவற்றுக்கும் விடை சொன்னாராம். இந்தக் கதை நச்சினார்க்கினியர் எழுதி வைத்தது. அப்படிக் குறை தேடிக் கேள்வி கேட்ட ரெஃபரியின், அதாவது மதிப்பிட்டவரின், பெயரை இன்னும் சொல்கிறோம் பார். உன் இரண்டாவது ரெஃபரி யாரென்று உனக்கே தெரியாது. சரி, பெரிய புரொபசரின் பேப்பரில் தப்புச் சொல்ல வேண்டிய சின்னப் பிள்ளைகளுக்குப் பெயரை மறைக்கும் வசதி வேண்டும்தான். பெயர் மறைந்தாலும் எழுதியதாவது நாலு பேர் கண்ணில் படட்டும்.

வேலை பற்றி நீ பயப்படுவதை நான் தள்ளிவிடவில்லை. ஈலைஃப் என்ற உயிரியல் ஜர்னல் 2023இல், மதிப்புரைக்கு அனுப்பிய பேப்பரை ஏற்பது நிராகரிப்பது என்ற முடிவையே விட்டது. மதிப்புரையோடு அப்படியே வெளியிடுகிறது. மறு வருஷமே அதற்கு இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஒரு ஜர்னலின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதற்கான எண், கிடையாது என்றாகிவிட்டது. இங்கே நேர்காணலில் உட்காருகிறவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். அதனால் ஒரு ஜர்னலுக்கும் அனுப்பி வை. கொள்கைக்காக நீ வேலையில்லாமல் இருக்க வேண்டாம்.

அப்புறம், கோபப்படாமல் கேள். 1936இல் ஐன்ஸ்டைனின் பேப்பரை ஃபிசிகல் ரிவ்யூ எடிட்டர் ரெஃபரிக்கு அனுப்பினார். அச்சுக்கு முன் வேறு யாருக்கோ காட்ட நான் அனுமதிக்கவில்லையே என்று ஐன்ஸ்டைன் கோபித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஈர்ப்பு அலைகள் கிடையாது என்பது அந்தப் பேப்பர். ரெஃபரி ராபர்ட்சன் சொன்னதுதான் சரியாக இருந்தது. மறு வருஷம் வேறு இதழில் வந்தபோது முடிவே மாறியிருந்தது.

உன் ரெஃபரி எழுதியதை நீ படித்துக் காட்டினாயே, கூடுகள் எல்லாம் ஒரே தோப்பில் எடுத்தவை என்று. தோரணை மோசம். ஆனால் கேள்வி தப்பா? போன லீவில் பெரியப்பாவின் மாந்தோப்பில் ஏணி வைத்து நாற்பது கூடு எண்ணினாய். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா கழுத்தெல்லாம் கடி வாங்கினார். அந்த நோட்டு இங்கே உன் மேசை டிராயரில்தான் இருக்கிறது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நாளைக்கு அனுப்புகிறேன். அதையும் சேர்த்து எழுதி, பிறகு போடு. போட்ட அன்றே எனக்கு லிங்க் வரணும்.

அன்புடன்,
அம்மா