வானம் தோண்டும் இடத்துக்கு எங்களை அழைத்துப் போங்கள்

சிவில் துறை ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண். சிவில் மூன்றாம் ஆண்டு. கேரளம் என்றால் எல்லோருக்கும் செம்மண்ணும் வெட்டுக்கல்லும்தான் நினைவுக்கு வரும். சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில் எங்களுடையது கரிசல். பங்குனியில் வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஐப்பசி மழையில் அதே மண் காலிலிருந்து செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

எங்கள் வீட்டு ஜன்னல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக இறங்குகிறது. கோடையில் ஒரு ரூபாய்க் காசு நுழையும், மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும். அப்பா மூன்று முறை பூசிப் பார்த்தார். கொத்தனாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். பாவம், 3 அடிக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டி, கருங்கல் போட்டு, எல்லா ஊரிலும் செய்வதைத்தான் அவரும் செய்தார். (இங்கே மலையாளம் பேசும் மேஸ்திரிக்கும் அது ‘வானம்’தான்.) கரிசலில் இருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்று உங்கள் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஆய்வகத்தில் எங்களுக்கு வந்தது சாக்கில் கட்டிய செம்மண். அதனால் வீட்டு மண்ணை டிபன் பாக்ஸில் எடுத்து வந்தேன். உலர்த்திச் சலித்து, 10 கிராம் மண்ணைத் தண்ணீர்க் குடுவையிலும் இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெய்க் குடுவையிலும் போட்டேன். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் மண் அடியிலேயே கிடந்தது. தண்ணீரில் இருந்தது உப்பி மேலே ஏறியிருந்தது. வகுப்பே வந்து சுற்றி நின்று பார்த்தது.

நிலத்தடி மண்ணின் உறுதியை அளக்கும் சோதனையில் 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும் என்று எத்தனையோ தேர்வில் எழுதிவிட்டேன். அது விழுந்து ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. கரிசலில் அண்டர் ரீம்டு பைல் (அடிப்பக்கம் குமிழ் போல அகன்ற கான்கிரீட் அஸ்திவாரத் தூண்) குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்று படிக்கிறோம். ஈரம் ஏறி இறங்கும் அடுக்கைத் தாண்டத்தான் அந்த ஆழம் என்பது குழிக்குள் இறங்கி மண்ணைத் தொட்டால்தானே மனசில் பதியும்?

பங்குனியில் ஒரு முறை, ஐப்பசியில் ஒரு முறை, ஒரே இடத்துக்கு எங்களைக் கூட்டிப் போங்கள். அதைச் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணிலும் சேருங்கள். இடம் தேட வேண்டாம், எங்கள் கொல்லையிலேயே தோண்டலாம். அப்பா சரி என்று சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி