எங்கள் கிணற்றுக் கல்லின் வயது

கோண்டாவில்

அன்பின் நாதன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் நோகிறது என்று நடக்காமல் இருந்துவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் வேலைக்குக் கொழும்புக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. பக்கத்து வளவில் குழாய்க்கிணறு அடிக்கிறார்கள். பகல் முழுக்க இரைச்சல், மதிலெல்லாம் வெள்ளைத் தூள்.

சரி, நீ கேட்டதும் அந்தத் தூளைப் பற்றித்தானே. கார்பன் 14ஐ வைத்து எங்கள் சுண்ணாம்புக்கல்லின் வயதைச் சொல்லலாமா என்றாய். முடியாது. அந்த முறை ஏறக்குறைய 50,000 வருடங்களோடு ஓய்ந்துவிடும். எங்கள் யாழ்ப்பாணக் கல்லோ மயோசீன் காலத்துக் கடலடி, அதாவது சுமார் 2 கோடியே 30 இலட்சம் முதல் 53 இலட்சம் வருடங்களுக்கு முந்திய காலம். 1923இலேயே வேலண்ட், மோர்லி டேவிஸ் என்ற இருவர் இலங்கையின் மயோசீன் படிவுகளைப் பற்றி லண்டன் புவியியல் சங்கத்தின் இதழில் எழுதிவிட்டார்கள். அந்தக் காலத்தில் கையில் இருந்த சாட்சி புதைபடிவங்கள்தான்.

இதில் எனக்குப் பிடித்த சாட்சி தபெரினா மலபாரிகா. ஒற்றைக் கல உயிர், ஆனால் சில மில்லிமீற்றர் அளவுக்கு வட்டமாக ஓடு கட்டும். முதலில் கேரளத்தில் கண்டு பெயர் வைத்தார்கள். கொல்லத்துப் படிவுகளிலும் உண்டு, யாழ்ப்பாணக் கல்லிலும் உண்டு. ஓர் இனம் தோன்றி அழிவது ஒரே தடவைதான் என்பதால், அது இருக்கும் இரண்டு கல்லையும் ஒரே காலக் கட்டத்துக்குள் வைக்கலாம். பொதுவாக மயோசீனின் ஒரு பகுதியான பர்டிகாலியன் என்பார்கள், அதாவது சுமார் 2 கோடியே 4 இலட்சம் முதல் 1 கோடியே 60 இலட்சம் வருடங்களுக்கு முன். ஆனால் இது வெயில் படும் ஆழமற்ற கடலில் வாழ்ந்தது. ஒரு படுகையில் இது இல்லையென்றால் காலம் வேறாகவும் இருக்கலாம், கடல் ஆழமாகவும் இருந்திருக்கலாம். இதை மறந்துவிட்டுத்தான் பலர் சண்டை பிடிக்கிறார்கள்.

இன்னும் நெருக்கிச் சொல்ல வேதியியல் வேண்டும். கடல்நீரிலுள்ள ஸ்ட்ரோன்சியம் என்ற தனிமம், கூழில் கரைந்த உப்புப் போல உலகக் கடலெங்கும் ஒரே சீராகக் கலந்திருக்கிறது. கடல் கலந்து முடிய ஆயிரம் வருடமளவு போதும். ஸ்ட்ரோன்சியமோ இலட்சக்கணக்கான வருடங்கள் கடலில் தங்கும். அதனால் அதன் இரண்டு எடை வகைகளான ஸ்ட்ரோன்சியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் எந்த ஒரு காலத்திலும் எல்லாக் கடலுக்கும் ஒன்றுதான், சிப்பியும் அதையே தன் ஓட்டில் எழுதிவைக்கிறது. காலம் போகப் போக அந்த விகிதம் மாறுவதால் அதை வைத்து வயதைச் சொல்லலாம். மயோசீன் தொடக்கத்தில் 0.7083 அளவு, இன்று 0.7092. இமயம் எழுந்து கரைந்ததே ஏற்றத்துக்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள், வாதம் இன்னும் முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால், 30 கோடி வருடங்களுக்கு முந்திய கடலிலும் ஏறக்குறைய அதே 0.7083 வந்து போயிருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டில் எது என்று தெரியாது. அதைச் சொல்ல மறுபடி அந்தச் சின்ன ஓடுதான் வரவேண்டும்.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை. மழைநீர் இந்தக் கல்லைக் கரைத்துக் குகையும் வெடிப்பும் ஆக்கியதால்தான் நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் எங்கள் வீட்டுக் கிணறுகளும். அதே நீர் பவளத்தையும் பல சிப்பிகளையும் கரைத்து வெறும் அச்சை விட்டுவிட்டது, அல்லது வேறு கனிமமாக மாற்றிவிட்டது. மாறிய ஓட்டை அளந்தால் கடலின் விகிதம் வராது, கிணற்றுநீரின் கதைதான் வரும். ஆகவே மாற்றத்துக்கு ஈடுகொடுக்கும் கல்சைற்று என்ற கனிமத்தால் ஆன ஓடுடைய மட்டி, விசிறிச் சிப்பி வகைகளைத் தேடி எடுத்து, நிலத்தடி நீரால் மங்கனீசு ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் அதை எறிந்துவிடலாம்.

நீ சித்திரையில் வருவதாயிருந்தால் பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை ஒன்று வாங்கி வா. இங்கே கிடைப்பது கீறல் விழுந்தது. பேரனையும் கூட்டி வா, கீரிமலைக் கரையில் பொழுது போகும்.

அன்புடன்,
தவம்