ஊரை விட்டுப் போகும்முன் ஒரு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், ஏரல் வட்டாரத்து எங்கள் ஊர் மக்கள் அனைவருக்கும்,

வருகிற வாரம் நான் பெங்களூரில் இருக்கும் என் மகள் வீட்டுக்குக் குடிபோகிறேன். வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் குடியிருந்த ஊரை விட்டுப் புறப்படும்முன் வீடு வீடாக வந்து நன்றி சொல்லவே ஆசைப்பட்டேன்; முழங்கால் வலி அதற்கு இடங்கொடாததால், எல்லோருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டில் ஏழு மாதத்துக்குள் என் வாழ்க்கை மூன்று முறை நிலைகுலைந்தது. மே மாத இறுதியில் தொடக்கப்பள்ளிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றேன். ஆகஸ்டில் என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். டிசம்பரில் தாமிரபரணி எங்கள் வீட்டுக்குள் வந்தது. இவற்றைக் கடந்துவர என் விசுவாசம்தான் உதவியது என்று வெளியூர் உறவினர் பலர் பாராட்டுகிறார்கள். அது முழு உண்மையல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டை நான் எடுப்பேன். வேதம் வாசித்து ஜெபிப்பது என் கணவர். அவரை அடக்கம் செய்து, வந்திருந்த சொந்தபந்தங்களும் திரும்பிய பிறகு, எட்டு மணி அடிக்கும்போது முழங்காலில் நின்றால் ‘கர்த்தாவே’ என்ற ஒரு சொல்லுக்குமேல் எனக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டு அக்கா அதை எப்படி அறிந்தார்களோ, மறுநாள் இரவே பாட்டுப் புத்தகத்தோடு வந்து பாயை விரித்து, தாமே பாட்டெடுத்து, தாமே ஜெபித்துவிட்டு, "ஆமென் மட்டும் நீ சொல்லு தாயி, போதும்" என்றார்கள். மழை வந்த வாரம் வரை ஓர் இரவுகூட அவர்கள் வரத் தவறவில்லை. அந்நாட்களில் நான் ஏறெடுத்த ஜெபம் அவ்வளவுதான். அதையும் ஜெபமாக எண்ணி, ‘விசுவாசத்தில் குறைந்துபோனாள்’ என்று ஒருவரும் சொல்லாதிருந்ததற்காக உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

சேகர குருவானவருக்கும் ஒரு தனி நன்றி உண்டு. முப்பதாம் நாள் ஜெபத்தில் எல்லோரும் எதிர்பார்த்த இருபத்துமூன்றாம் சங்கீதத்தை விட்டு, அவர் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசித்தார். ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் புலம்பலாகவே முடிகிற சங்கீதம் அது. துக்க வீட்டில் இதையா வாசிப்பது என்று சிலர் வருந்தியதாகக் கேள்விப்பட்டேன். என் மனதிலிருந்ததை அப்படியே சொல்லும் ஒரு ஜெபம் பரிசுத்த வேதத்துக்குள்ளேயே இருக்கிறது என்று கண்டபோதுதான், என் கணவர் போன பிறகு முதல்முறையாக நான் வாய்விட்டு அழுதேன்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் பிற்பாடுதான் கேள்விப்பட்டோம். திங்கள் விடியுமுன் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்துவிட, வாலிபர் சங்கத்துத் தம்பிமார் நால்வர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நெஞ்சளவு தண்ணீரில் தோளுக்குமேல் தூக்கிப் பள்ளிக்கூட மாடியில் சேர்த்தார்கள். அவர்களில் இருவர் என்னிடம் ஓய்வுநாள் பாடசாலையில், அதாவது ஞாயிறு வேத வகுப்பில், படித்தவர்கள். ‘நான் ஏந்துவேன், நான் சுமப்பேன், தப்புவிப்பேன்’ என்ற ஏசாயாவின் வசனத்தை அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தவளே நான்தான். சுமக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை அந்த நாற்காலியில்தான் அறிந்தேன். விழுந்துவிடுவோமோ என்ற பயமும், விடமாட்டார்கள் என்ற நிச்சயமும் ஒரே நேரத்தில் இருந்தன. மாடியில் ஒதுங்கிய எல்லோருக்கும் மறுநாள் பக்கத்து ஊர் ஜமாத்தார் படகில் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்தார்கள். அந்த வாப்பாமாரையும் என் ஜெபத்தில் நினைக்காத நாளில்லை.

தண்ணீர் வடிந்தபின் வீட்டில் கணுக்கால் அளவு சேறு. அலமாரியிலிருந்த எங்கள் குடும்ப வேதாகமம் நனைந்து இரண்டு மடங்காக உப்பியிருந்தது. அதன் முன்பக்கத்தில் என் மாமனார் காலந்தொட்டு எழுதப்பட்டுவந்த பிறப்பு, ஞானஸ்நான நாட்களெல்லாம் மைப்பேனா எழுத்து என்பதால் நீலத் திட்டாகக் கரைந்துவிட்டன. பந்துமுனைப் பேனாவால் நான் எழுதிய கடைசி வரி, என் கணவரின் மரண நாள், மட்டும் அழியாமல் நின்றது. அதைப் பார்த்தபோது எனக்குக் கர்த்தர்மேல் கோபம் வந்தது; அதை மறைத்து இம்மடலை எழுத எனக்கு மனமில்லை. என்னோடு வீடு கழுவிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் ஒன்றும் பேசாமல் அந்த வேதாகமத்தை வாங்கிக்கொண்டு போனார். பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, நிழலில் வைத்து, காலையும் மாலையும் தாளை மாற்றிப் பன்னிரண்டு நாள் உலர்த்தினார். சபை மூப்பர் ஐயா, நனையாமல் தப்பிய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்து, அழிந்த பெயர்களையும் நாட்களையும் தம் கையால் திரும்ப எழுதித் தந்தார். இப்போது அந்தக் கடைசி வரிக்கு மேலே எல்லோரும் இருக்கிறார்கள்.

வீட்டைச் செப்பனிட உதவியவர்கள், பாத்திரமும் போர்வையும் தந்தவர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகள் என எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துவைத்துப் பிறருக்குக் கொடுத்தே பழகிய எனக்கு, அதே அரிசியைக் கைநீட்டி வாங்குவது கடினமாக இருந்தது. சேலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்து, யாரும் பாராதபடி என் அடுப்படியில் வைத்துப் போனவர்களின் கரிசனையை நான் அறிவேன்.

புது ஊரில் பாஷை தெரியாது. ஞாயிறு ஆராதனைக்கு எந்தச் சபைக்குப் போவேன் என்பதும் இன்னும் முடிவாகவில்லை. ஆனாலும் இரவு எட்டு மணிக்கு அக்கா தொலைபேசியில் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டை இனி நான் எடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். என் கைப்பிடி அரிசிப் பானையை அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். உலை வைக்கும்போது என் பெயருக்கும் ஒரு பிடி அதில் விழட்டும். அதற்கான பணத்தை மாதந்தோறும் அனுப்பிவைப்பேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பழைய டீச்சர்