சேர்ச்சிலின் பொன்மொழிகளுக்குத் திகதியும் இடமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில், இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியப் பிரதமர் வின்ஸ்டன் சேர்ச்சிலின் பொன்மொழிகளை அரைப்பக்கம் நிறைய வெளியிட்டிருந்தீர்கள். எதன் கீழும் எப்போது, எங்கே, யாருக்குச் சொன்னது என்ற குறிப்பு இல்லை. அவற்றுள் இரண்டை அவர் சொன்னதற்குச் சான்றே இல்லை. "வெற்றி முடிவும் அல்ல, தோல்வி அழிவும் அல்ல" என்று தொடங்குவதை அவருடைய பேச்சுகளிலும் எழுத்துகளிலும் தேடிய ஆய்வாளர்கள் ஓரிடத்திலும் காணவில்லை. "நான் உங்கள் மனைவியாக இருந்தால் கோப்பியில் நஞ்சு கலந்து தருவேன்" என்று பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் நான்சி அஸ்டர் சீறியதாகவும், "நான் உங்கள் கணவனாக இருந்தால் அதைக் குடித்துவிடுவேன்" என்று சேர்ச்சில் பதில் சொன்னதாகவும் வரும் கதை, 1900ஆம் ஆண்டளவிலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் பெயரில்லாத இருவர் பேசிக்கொண்ட துணுக்காக வந்துவிட்டது. அஸ்டர் பாராளுமன்றத்துக்குள் நுழைந்ததே 1919இல்தான்.

இவற்றை நீக்கினால் மனிதர் சிறுத்துப்போவார் என்று அஞ்ச வேண்டாம். அவர் உண்மையில் பேசியவை இவற்றைவிடப் பன்மடங்கு கூர்மையானவை. 1941 டிசம்பர் 30ஆம் திகதி ஒட்டாவாவில் கனேடியப் பாராளுமன்றத்தில் பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியா தனித்து நின்றாலும் ஜேர்மனியுடன் போரிடும் என்று 1940இல் அவர் பிரான்சிடம் சொன்னபோது, அந்நாட்டுத் தளபதிகள், "மூன்று வாரத்தில் இங்கிலாந்தின் கழுத்தைக் கோழிக் கழுத்தைப்போல் திருகிவிடுவார்கள்" என்று தங்கள் பிரதமரிடம் கூறினார்களாம். இதைச் சொல்லிவிட்டு, "கோழியைப் பாருங்கள்!" என்றார். அவையின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "கழுத்தையும் பாருங்கள்!" என்றார். அச்சில் இது நகைச்சுவைத் துணுக்கு. அந்த அவையில் இருந்தவர்களின் நிலையை நினைத்துப் பார்த்தால் வேறு. ஐந்து நாளைக்கு முன்புதான், நத்தார் தினத்தன்று, ஹொங்கொங் யப்பானியரிடம் சரணடைந்திருந்தது. அங்கே நிறுத்தப்பட்டிருந்த படையில் ஏறக்குறைய 2,000 பேர் கனேடியர்கள். தங்கள் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத ஒரு நாட்டின் அவையை அவர் சிரிக்க வைத்தார். அந்தச் சிரிப்பு எவ்வளவு அரியது என்பது திகதியைச் சேர்த்தால்தான் விளங்கும்.

சிரிக்கக் கூடாத நேரமும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஏழு வாரம் கழித்து, 1942 பெப்ரவரி 15ஆம் திகதி வானொலியில் பேசியபோது ஒரு சிலேடைகூட இல்லை. இது பெரிய தோல்வி என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு, "சிங்கப்பூர் வீழ்ந்துவிட்டது" என்றார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உத்தியோகம் பார்த்த பிள்ளைகளின் கடிதத்துக்காக யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகள் காத்துக்கிடந்திருக்கும்!

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இது எங்கோ நடந்த போர் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. எண்ணெய்க் குதம் ஒன்று பற்றி எரிந்தது. அதன் தடித்த இரும்புத் தகடுகள் உருகி மடிந்தபடியே பற்றைக்குள் கிடக்கின்றன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. நிலாவெளி வீதியில் உள்ள போர் மயானத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கல்லறைகளில் பெயருக்கும் படைப்பிரிவுக்கும் கீழே வயது பொறித்திருக்கிறது. அதையும் வாசித்துவிட்டு இந்தப் பேச்சுகளை வாசிக்கிறவர்களுக்கு அவை அலங்கார வாக்கியங்களாகத் தோன்றா.

இணைப்பில் நீங்கள் முதலில் போட்டிருந்தது, "இது முடிவு அல்ல, முடிவின் தொடக்கம்கூட அல்ல, ஆனால் ஒருவேளை தொடக்கத்தின் முடிவாக இருக்கலாம்" என்ற புகழ்பெற்ற வாசகம். அது மெய்யானது. எகிப்தில் பிரித்தானியப் படை பெற்ற எல் அலமெய்ன் வெற்றியை ஒட்டி, 1942 நவம்பர் 10ஆம் திகதி லண்டனில் பேசியது. அதே பேச்சில்தான், பிரித்தானியப் பேரரசைக் கலைத்துவிடும் வேலைக்குத் தலைமை தாங்குவதற்காகத் தாம் பிரதமராகவில்லை என்றும் சொன்னார். குடியேற்ற நாட்டு மக்களாக இருந்த நமக்கு இரண்டாவது வாக்கியத்தை மறைத்து முதலாவதை மட்டும் ஊட்டுவது நியாயமா? அடுத்த ஆண்டு வங்காளப் பஞ்சத்தில் 30 இலட்சம் பேர் வரை மாண்டார்கள். இந்தியர்களைப் பற்றி அவர் உதிர்த்த கொடுஞ்சொற்களை, இந்திய விவகாரங்களுக்குப் பொறுப்பாக இருந்த அவருடைய அமைச்சர் லியோ ஏமரியே தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எந்தப் பொன்மொழித் தொகுப்பிலும் அவற்றை நான் கண்டதில்லை.

நான் வரலாறு கற்பிப்பவள். வலய மட்டப் பேச்சுப் போட்டி ஒன்றில் நடுவராக இருந்தபோது, இந்தியாவுக்குச் சுதந்திரம் கொடுத்தால் ஆட்சி அயோக்கியர் கைக்குப் போய்விடும் என்று சேர்ச்சில் சொன்னதாக ஒரு மாணவி முழங்கினாள். நல்ல குரல், நல்ல நினைவாற்றல். எங்கே சொன்னார் என்று கேட்டேன். "பேப்பரில் வந்தது, ரீச்சர்" என்றாள். அவர் இந்திய விடுதலையை எதிர்த்தவர்தான். ஆனால் அந்த வாசகத்துக்கும் மூலம் கிடையாது. அந்த நவம்பர் 10ஆம் திகதிப் பேச்சு அவள் கையில் இருந்திருந்தால், தன் கட்சியை உண்மையைக் கொண்டே நிலைநாட்டியிருப்பாள். அச்சில் வந்ததை நம்பியது பிள்ளையின் குற்றமில்லை. நம்பத்தக்கதை அச்சிடுவது நம் பொறுப்பு.

ஆகவே இனி ஒவ்வொரு பொன்மொழியின் கீழும் திகதி, இடம், சூழல் பற்றி ஒரு வரி சேர்த்து வெளியிடுங்கள். மூலம் கிடைக்காததை விட்டுவிடுங்கள். அரைப்பக்கத்துக்கு ஐந்து போதும். பிரித்தானியப் பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சாட் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒட்டாவாப் பேச்சின் ஒலிப்பதிவும் இருக்கிறது. சரிபார்க்கும் வேலைக்கு ஆள் இல்லையென்றால் நானே செய்து தருகிறேன். அடுத்த தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்கு முன்னர் முதல் தொகுதி வெளிவந்தால் பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
உவர்மலை, திருகோணமலை