பழவேற்காட்டில் யாருடைய கதையைச் சொல்லப் போகிறீர்கள்?

பழவேற்காட்டில் சுற்றுலா வேலைகளையும் பழஞ்சின்னங்களைக் காக்கும் வேலைகளையும் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆந்திர எல்லையை ஒட்டிய இந்த ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் பல வீடுகளுக்குத் தடாவிலோ சூளூர்பேட்டையிலோ சம்பந்தம் உண்டு. ஏரியின் பெரும்பகுதியும் அந்த ஆந்திரப் பக்கம்தான். ஊருக்கு நாலு பேர் வரவேண்டும், பார்க்கவேண்டும் என்ற ஆசை உங்களைப் போலவே எனக்கும் இருக்கிறது. வருகிறவர்களிடம் எதைச் சொல்வது என்பதில்தான் ஒரு கோரிக்கை.

இப்போது எல்லோரும் முதலில் போவது டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு. வாசலின் இருபுறமும் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே குலச்சின்னமும் பெயரும் வெட்டிய கற்கள். காட்டவேண்டியதுதான், அழகான வேலைப்பாடு. கொஞ்சம் தள்ளிப் போனால், 1613இல் எழும்பிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் மேடும் அகழியும் முட்புதரும்தான் மிச்சம். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு வியாபாரம் முழுவதையும் இங்கிருந்துதான் நடத்தினார்கள். கோட்டையில் வெடிமருந்து செய்தார்கள், நாணயம் அடித்தார்கள். இவ்வளவும் வருகிறவர்கள் காதில் விழுகிறது.

ஆனால் கப்பலில் ஏறிப் போனது என்ன என்பதை யாரும் சொல்வதில்லை. நம் நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட துணி போனது. அதைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். மனிதர்களும் போனார்கள். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், சோற்றுக்கு வழியில்லாமல் பெற்ற பிள்ளைகளையே விற்றவர்கள் உண்டு. தரகர்களிடம் சிக்கியவர்களும் உண்டு. அப்படி ஆயிரக்கணக்கானோர் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பலரும் போய்ச் சேர்ந்த இடம் படேவியா, இன்றைய ஜகார்த்தா. அவர்களை ஏற்றிய துறைகளில் பழவேற்காடு முக்கியமானது. வாங்கி விற்றவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. ஏற்றி அனுப்பப்பட்ட நம் சனங்களுக்கு இந்த ஊரில் ஒரு வரி எழுதி வைத்து நான் பார்த்ததில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

அப்புறம், இன்னும் உயிரோடு இருக்கிற ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். பாடு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, நீரோட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் கம்பு நட்டுச் சுத்துவலை கட்டினால்தான் இறால் நிறைய விழும். அப்படிப்பட்ட இடமோ கொஞ்சம், வலைக்காரர்களோ அதிகம். அதனால் யார் எந்த நாளில் எங்கே வலை கட்டுவது என்று மீனவர்களே முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் அமைந்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டைத்தான் பாடு என்கிறோம். பொதுவில் இருப்பதை எப்படிப் பங்கிடுவது என்று ஆராய்கிறவர்கள் தேடிவந்து படித்து எழுதியிருக்கிறார்கள். பாடு முறையில் பங்கில்லாத சமூகத்தாருக்கு மனக்குறை உண்டு, அது நியாயமானதும்கூட, அதையும் மறைக்கவேண்டாம். பாலத்தில் நின்று பார்க்கிறவர்கள் தண்ணீரில் நட்ட கம்புகளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் பூநாரை எங்கே என்று கேட்டுப் போய்விடுகிறார்கள்.

முகத்துவாரம் தூர்ந்தால் பாடும் இல்லை. மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, படகு வெளியே போகாது. கோட்டையைச் செப்பனிடுவதற்குக் காட்டும் அக்கறையை அந்த வாய் திறந்தே இருப்பதற்கும் காட்டுங்கள். மற்ற எதையும்விட இது அவசரம்.

கோட்டை மேட்டில் புதரை வெட்டி, அகழியைச் சுற்றி நடக்க ஒரு பாதை போட்டால் போதும். மேட்டின்மேல் புதிதாக எதையும் கட்டவேண்டாம். அங்கே ஒரு பலகை வையுங்கள். தமிழிலும் தெலுங்கிலும், துணி நெய்தவர்களையும் அடிமைக் கப்பல்களையும் பற்றி ஒளிக்காமல் எழுதுங்கள். பாடு முறையைப் பற்றி இன்னொரு பலகை, வலைக்கம்புகள் கண்ணில் படுகிற இடத்தில். ஓலைப்பெட்டி முடைகிற பெண்கள் உட்கார்ந்து விற்க நிழலான ஓர் இடமும் வேண்டும்.

பலகையில் வரப்போகிற வாசகத்தை எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். குப்பத்துப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுங்கள், அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்துங்கள். வலை கட்டுகிற நாளாகப் பார்த்து வந்தால், கரையிலேயே வைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரன்